குஞ்சின் தரமும் பொரிப்பகத்தின் பொறுப்பும்

பொரித்து ஒரு நாள் ஆகாத குஞ்சு ஒன்றைக் கையில் எடுத்து மேசைமீது மல்லாத்தி விட்டால், அது திடமான குஞ்சாயிருப்பின், மூன்று விநாடிக்குள் கால்களை உதைத்துப் புரண்டு எழுந்து நின்றுவிடும். எழ முயன்றும் எழ இயலாமல் கழுத்தை மட்டும் ஆட்டிக்கொண்டு கிடக்கும் குஞ்சும் உயிருள்ளதுதான். பெட்டியில் எண்ணிப் போடும்போது அதுவும் ஒன்று என்றே கணக்கில் ஏறும். சீட்டில் அதற்கும் அதே விலைதான். ஆனால் பல்லடத்திலோ உடுமலைப்பேட்டையிலோ ஒரு கொட்டகைக்குள் அந்தக் குஞ்சு போய்ச் சேர்ந்த நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, விடியற்காலையில் அது தண்ணீர்க் குவளைக்கு அருகே விறைத்துக் கிடக்கப் பொறுக்கி எடுப்பவர் பண்ணைக்காரர். அந்தச் சாவுக்குக் காரணமான காரியம் நடந்ததோ, அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில், பல வாரங்களுக்கு முன்பு, மூடிய கதவுகளுக்குப் பின்னால்.

பொரிப்பகத்தார் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் எண் ஒன்று உண்டு. அடுக்கிய முட்டைகளில் நூற்றுக்கு எத்தனை பொரித்தன என்பதே அது. அந்த எண்ணை நான் குறைத்துப் பேசவில்லை. தாய்க்கோழிப் பண்ணையும் பொரிப்பகமும் பிழைப்பது அதனால்தான். ஆயினும் பொரிப்பு விகிதம் வேறு, குஞ்சின் தரம் வேறு என்பதை இத்தொழிலில் நுழைகிறவர் முதல் நாளே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். உஷ்ணம் சிறிது மிகுந்தாலும் ஈரம் சிறிது குறைந்தாலும் கரு உடனே செத்துவிடுவதில்லை. ஜீவன் அவ்வளவு எளிதில் தோற்கிற வஸ்து அன்று. கிடைத்ததைக் கொண்டு சமாளித்து, தன் இருதயத்திலோ குடலிலோ ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டு, எப்படியோ ஓட்டை உடைத்து வெளியே வந்துவிடுகிறது. பொரிப்பு விகிதம் எழுதிய ஏட்டில் அந்தச் சமாளிப்புத் தெரியாது. குஞ்சின் உடம்பில் தெரியும்.

அந்த உடம்பைப் படிக்கத் தெரிவது இத்தொழிலின் பாதி. ஐரோப்பியப் பொரிப்பகங்களிலிருந்து பரவிய பாஸ்கார் முறை என்ற ஒன்றை நான் விரும்பிக் கைக்கொள்கிறேன். ஒவ்வொரு குஞ்சுக்கும் பத்து மதிப்பெண் என்று தொடங்கி, எழுந்து நிற்கும் துடிப்பு, தொப்புள், கால், அலகு, வயிறு ஆகிய ஐந்தில் எதிலெதில் குறை காண்கிறோமோ அதற்கொன்றாகக் கழித்துக்கொண்டு வருவதுதான் அம்முறை. ஒரு பொரிப்புக்கு ஐம்பது குஞ்சுகளையேனும், வெவ்வேறு தட்டுகளிலிருந்து, பொறுக்காமலும் ஒதுக்காமலும் எடுத்துப் பார்த்தால், அரை மணி நேரத்துக்குள் அந்த இயந்திரத்தின் மூன்று வார நடத்தை கைக்கு வந்துவிடும். ஐந்தில் நான் மிகுதியும் நம்புவது தொப்புளை. பொரிப்பதற்குச் சற்று முன்பு, பத்தொன்பதாம் நாளிலும் இருபதாம் நாளிலும், எஞ்சியிருக்கும் மஞ்சட்கருப் பை குஞ்சின் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. அதன்மேல் தொப்புள் சுருங்கி மூடிக்கொள்கிறது. அந்த மஞ்சட்கருதான் முதல் இரண்டு மூன்று நாளைக்குத் தாய் கட்டிக்கொடுத்த சோறு. மூடல் நன்றாக நிகழ்ந்திருப்பின், விரலால் தடவினால் இடம் தெரியாது. அவசரமாகவோ அரைகுறையாகவோ நிகழ்ந்திருப்பின், கறுத்த பொத்தான்போல ஒரு பொருக்கோ, நூல்போல ஒரு தொங்கலோ, ஈரமுள்ள ஒரு புண்வாயோ நின்றுவிடும். அந்த வாயில் வழியாகத்தான் ஈ.கோலி முதலான கிருமிகள் உள்ளே போய், மஞ்சட்கருவையே அழுகச் செய்து, முதல் வாரத்துச் சாவுகளுக்குக் காரணமாகின்றன.

இனி, அந்தத் தொப்புள் எதனால் கெடுகிறது என்று பின்னோக்கிப் போவோம்.

பொரிப்பகத்தின் வேலை இயந்திரத்தில் தொடங்குவதாக நினைப்பது தவறு. முட்டை, கோழியின் உடற்சூட்டோடு, ஏறக்குறைய 105 பாரன்ஹீட் பாகையில், வெளியே வருகிறது. அது ஆறும்போது உள்ளிருக்கும் பொருள் சுருங்க, அகன்ற முனையில் காற்றறை உண்டாகிறது. அந்தச் சுருக்கம் ஓட்டின் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாக வெளிக்காற்றை உறிஞ்சுகிறபோது, முட்டை கிடக்கும் இடம் சுத்தமானால் சுத்தமான காற்றும், எச்சத்தின்மேல் கிடந்தால் எச்சத்திலுள்ள கிருமியும் உள்ளே போகின்றன. ஆதலின் கூட்டுப்பெட்டியில் இட்ட முட்டையும் தரையில் இட்ட முட்டையும் துடைத்தபின் பார்வைக்கு ஒன்றாயினும் குணத்தில் ஒன்றல்ல. தரை முட்டையை அடுக்காதிருப்பதே உத்தமம். அடுக்கியே ஆகவேண்டிய நிர்ப்பந்தம் இருந்தால் தனித் தட்டில், எல்லாவற்றுக்கும் கீழே வையுங்கள். அழுகி வெடிக்கும் முட்டை பெரும்பாலும் அவற்றிலிருந்துதான் வரும், மேலே வெடித்தது கீழேயுள்ள நூறு முட்டைகளின்மேல் சொட்டும்.

சேமிப்பு அறையைப் பற்றி இரண்டு விஷயங்கள் மட்டும் சொல்கிறேன். ஏழு நாளுக்குள் அடுக்கப் போகும் முட்டைக்கு 65 பாகைச் சூடும், நூற்றுக்கு 75 முதல் 80 வரை ஈரப்பதமும் போதும். அந்தக் குளிர்ச்சியில் கரு உறங்கிக் கிடக்கும். ஏழு நாளைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் பொரிப்பதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாகும். பொரிப்பும் குறையும், பொரித்த குஞ்சின் துடிப்பும் குறையும். என் அப்பத்தாள் நாட்டுக்கோழி முட்டைகளில் கரித்துண்டால் கோடிழுத்து வைத்திருந்து, பழையனவற்றைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டு, புதியனவற்றையே மணல் பரப்பிய கூடையில் அடைக்கு வைப்பாள். கூமுட்டை குறைய வேண்டும் என்பதே அவள் சொன்ன காரணம். இரண்டாவது விஷயம் வேர்வை. குளிர்ந்த அறையிலிருந்து முட்டையை எடுத்து நேரே புழுக்கமான கூடத்துக்குள் கொண்டுவந்தால், குளிர்ந்த நீர் ஊற்றிய தம்ளரின் புறம் வேர்ப்பதுபோல் ஓடு வேர்த்துவிடும். அந்த ஈரத்தில் கிருமி நீந்தி நுண்துளைக்குள் போகும். ஆகவே 75 முதல் 80 பாகையுள்ள காற்றோட்டமான இடத்தில் ஆறு மணி நேரமேனும் வைத்திருந்து, வேர்வை வராத வகையில் மெல்ல இளஞ்சூடேற்றி, அதன் பின்னரே அடுக்குதல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்த ஜாக்கிரதை இரட்டிப்பாக வேண்டும்.

புகைமூட்டம் பற்றி நீள எழுத எனக்கு விருப்பமில்லை. நூறு கன அடி இடத்துக்கு 20 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் 40 மில்லி பார்மலினும் என்பது ஒரு மடங்கு. பண்ணையில் முட்டை சேகரித்தவுடன் மூன்று மடங்கு, இருபது நிமிஷம். பெர்மாங்கனேட்டின்மேல் பார்மலினை ஊற்ற வேண்டுமேயன்றி மாறிச் செய்யலாகாது. பாத்திரம் ஆழமாயிருக்க வேண்டும். அடுக்கிய முதல் நாள் முடிந்து நான்காம் நாள் முடியும்வரை கருவுக்கு அந்தப் புகை ஆகாது. வேலை செய்யும் மனிதருக்கோ எந்த நாளும் ஆகாது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு பார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்று விளைவிக்கும் பொருள் என்று 2004-இல் வகைப்படுத்தியது. முகமூடியில்லாமல் ஒரு பையனை அந்த அறைக்குள் அனுப்பும் மேலாளர் எவராயினும், அவர் குஞ்சின் தரத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர் என்பது என் அபிப்பிராயம்.

உஷ்ணமே இந்த அத்தியாயத்தின் மையம். ஆகையால் இதில் சற்றுத் தங்குவோம்.

தொழிலில் செட்டர் என்று வழங்கும் அடைகாக்கும் இயந்திரத்தின் முகப்பில் 99.5 என்று ஓர் எண் ஒளிர்கிறது. அது காற்றின் சூடு. கருவுக்குப் பொருட்டு காற்றின் சூடன்று, தன் சூடு. அதை ஓட்டின் சூட்டைக் கொண்டுதான் அறியலாம். அது 100 பாகைக்கும் 101-க்கும் இடையில் நிற்க வேண்டும். எகிப்தில் பல நூற்றாண்டுகளாக மண்கல் அடுப்புகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்க வைத்தவர்கள், வெப்பமானி என்ற கருவியே இல்லாத காலத்தில், முட்டையை எடுத்துக் கண்ணிமையில் ஒற்றிப் பார்த்துச் சூட்டை மதிப்பிட்டார்கள். அந்த அடுப்புகளைப் பற்றி ஆராய்ந்து 1749-இல் பிரெஞ்சு மொழியில் நூலெழுதிய ரெயோமூர் என்னும் விஞ்ஞானி, கண்ணிமையின் இடத்தில் வெப்பமானியை வைத்தார். அதற்குப் பின் வந்தவர்கள் வெப்பமானியை முட்டையைவிட்டு விலக்கிக் காற்றில் தொங்கவிட்டார்கள். இன்று நாம் காய்ச்சலுக்குக் காதில் வைத்துப் பார்க்கும் கருவியை எடுத்து, முட்டையின் நடுவயிற்றில் வைத்து, திரும்ப ஓட்டுக்கே வந்திருக்கிறோம். தட்டுக்குப் பத்து முட்டையாக, இயந்திரத்தின் மேல், நடு, கீழ் என்று மூன்று மட்டங்களில் இப்படிப் பார்த்தால், முகப்பெண் ஒன்றாயிருக்க ஓட்டின் சூடு இடத்துக்கு இடம் இரண்டு பாகை வேறுபடுவது பிரத்தியட்சமாகத் தெரியும்.

அந்த வேறுபாடு ஏன்? முதல் எட்டு ஒன்பது நாள் முட்டை சூட்டை வாங்கும், அதன்பின் கொடுக்கும். கரு வளர வளர அதன் உடம்பே ஒரு சிறு அடுப்பாகி, பதினெட்டாம் நாளில் ஒரு லட்சம் முட்டைகள் சேர்ந்த அறை பத்துக் கிலோவாட்டுக்கு மேற்பட்ட சூட்டைத் தானே உண்டாக்குகிறது. முதல் வாரத்தில் சூடேற்றுவது இயந்திரத்தின் வேலை; மூன்றாம் வாரத்தில் குளிர்விப்பதே அதன் வேலை. காற்று நன்றாக ஓடாத மூலையில் உள்ள முட்டை, முகப்பெண் 99.5 என்று சாதித்துக்கொண்டிருக்கையிலேயே, 103-ஐத் தொட்டுவிடும். அந்தச் சூட்டில் கரு அவசரமாக முதிர்கிறது, மஞ்சட்கருவை முழுதும் உபயோகிக்காமல் விட்டுவிடுகிறது, இருதயம் சிறுத்துப்போகிறது. பொன்னிறமாக இருக்கவேண்டிய தூவி வெளுத்து, உடம்பு குட்டையாகி, கணுக்கால் மூட்டுச் சிவந்து, தொப்புள் திறந்தபடியே, உரிய காலத்துக்கு முன்னமே குஞ்சு வெளியே வருகிறது. சூடு குறைந்தாலும் கேடுதான். குஞ்சு பிந்தி வரும், வயிறு பெருத்துத் தொளதொளவென்றிருக்கும், மந்தமாக நிற்கும். ஆனால் நம் நாட்டில் நான் கண்ட கேடு பத்தில் எட்டு மிகைச் சூட்டால் வந்ததே.

பல வருஷங்களுக்கு முன்பு நான் மேற்பார்வை செய்த ஒரு பொரிப்பகத்தில், சித்திரை மாதத்து நள்ளிரவு ஒன்றில், மின்சாரம் போய், ஜெனரேட்டர் கிளம்பாமல், முக்கால் மணி நேரம் காற்றாடிகள் நின்றுவிட்டன. காவலிருந்தவர் நல்ல மனிதர். முட்டை குளிர்ந்துவிடுமே என்ற கவலையால் எல்லாக் கதவுகளையும் இறுக மூடி, இடுக்குகளில் சாக்கைக்கூடச் செருகிவைத்தார். முதல் வாரத்து முட்டைகளுக்கு அது சரியான காரியம். பதினேழாம் நாளைக் கடந்த முட்டைகளுக்கோ, ஆளைப் பூட்டிய அறைக்குள் அடுப்பையும் மூட்டி வைத்ததற்குச் சமம். அந்தப் பொரிப்பில் விகிதம் இரண்டொன்று குறைந்ததேயன்றி அதிகம் குறையவில்லை. ஏட்டைப் பார்த்து நாங்கள் ஆறுதல் அடைந்தோம். குஞ்சு வாங்கிய பண்ணைக்காரர் ஒருவர் ஆறாம் நாள் நேரில் வந்து, சினமின்றி, என்னிடம் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “எண்ணிக்கை எல்லாம் சரியா வந்துச்சுங்க. உசுருதான் பாதி வரலைங்க.” அவர் கையிலிருந்த செத்த குஞ்சுகளை அறுத்துப் பார்த்தோம்; ஒவ்வொன்றின் வயிற்றிலும் மஞ்சட்கரு பெரிதாக, நாற்றத்தோடு, கரையாமலே இருந்தது. கதவைப் பற்றிய விதியை அதற்குப் பிறகு எல்லா இயந்திரங்களின்மேலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம்: காற்றாடி நின்றால், பன்னிரண்டு நாளுக்கு உட்பட்ட முட்டையாயின் கதவை மூடு, அதற்கு மேற்பட்டதாயின் உடனே திற.

ஒரே இயந்திரத்தில் வெவ்வேறு நாட்களில் அடுக்கிய முட்டைகளைச் சேர்த்து வைத்து, முதிர்ந்த கருவின் சூட்டால் இளைய கருவைக் காக்கும் மல்ட்டி ஸ்டேஜ் முறை மின்செலவுக்குச் சிக்கனம். நம் பழைய பொரிப்பகங்கள் பெரும்பாலும் அதில்தான் வளர்ந்தன. ஆனால் அதில் எல்லாருக்கும் ஒரு சூடு என்பதே விதி. எவருக்கும் முற்றப் பொருந்தாத விதி. ஒரே நாளில் அடுக்கிய முட்டைகள் மட்டும் உள்ள சிங்கிள் ஸ்டேஜ் இயந்திரத்தில், நாளுக்கு நாள் கருவின் தேவைக்கேற்பச் சூட்டைப் படிப்படியாகக் குறைத்துவரலாம். ஒவ்வொரு முறையும் முழுதும் காலிசெய்து கழுவவும் இயலும். இன்றைய கறிக்கோழிக் கரு, வேகமாக வளரும் இனத்தது ஆதலால், பழைய இனங்களைவிட மிகுதியான சூட்டை உமிழ்வது. பணவசதி உள்ளவர் புதிதாக இயந்திரம் வாங்குவதானால் எதை வாங்குவது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஈரத்தை அளக்க நம்பத்தக்க கருவி தராசு. அடுக்குகிற நாளில் ஒரு தட்டை நிறுத்து, பதினெட்டாம் நாளில் அதே தட்டை மறுபடி நிறுத்தால், முட்டையின் எடையில் நூற்றுக்கு 11 முதல் 13 வரை குறைந்திருக்க வேண்டும். 60 கிராம் முட்டை ஏழு கிராம் அளவுக்கு நீரை இழந்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள். இழந்த நீரின் இடத்தில்தான் காற்றறை விரிகிறது. குஞ்சு முதன்முதல் மூச்சுவிடுவது அந்த அறையில். இழப்புப் போதாவிட்டால் காற்றறை சிறுத்து, குஞ்சு ஊதி, ஓட்டுக்குள் திரும்ப இடமின்றி, அலகையும் கணுக்காலையும் உரசிச் சிவக்கவைத்துக்கொண்டு வெளிவரும். பல வராமலே போகும். இழப்பு மிகுந்தால் உலர்ந்த தோலும், கால்களில் நரம்பு புடைத்த தோற்றமும், சிறுத்த உடலுமாக வரும். இளம் தாய்க்கோழியின் முட்டை சிறியது, ஓடு தடித்தது. முதிர்ந்த தாய்க்கோழியின் முட்டை பெரியது, ஓடு மெலிந்தது. இரண்டையும் ஒரே இயந்திரத்தில் கலந்து அடுக்கிவிட்டு ஒரே ஈரத்தில் நல்ல குஞ்சை எதிர்பார்ப்பது நடவாத காரியம். கொங்கு நாட்டின் பங்குனி வறட்சியில் சரியாக இருந்த ஏற்பாடு கார்த்திகை அடைமழையில் சரியாக இராது என்பதையும் நினைவில் வைத்து, மாதம் ஒரு முறையேனும் தராசை எடுங்கள்.

திருப்பிவிடுதல் இயந்திரமே மணிக்கு ஒரு முறை செய்வது. இப்பக்கம் 45 பாகை, அப்பக்கம் 45 பாகை என்று சாய்வு முழுமையாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சாய்வு குறைந்தாலும் முதல் வாரத்தில் திருப்பம் தவறினாலும், கருவைச் சூழும் இரத்தக் குழாய்கள் நன்கு பரவாமல், வெண்கரு உபயோகமாகாமல் நின்று, குஞ்சு பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வரும். முட்டையைக் கூர்முனை மேலாக அடுக்கிவிட்டால் தலை தவறான முனையில் அமைந்துவிடும். அடுக்குகிறவர்களின் கண்ணும் கையும் பழகும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும்.

பதினெட்டாம் நாள் முட்டைகள் ஹேட்சர் என்னும் பொரிக்கும் பெட்டிக்கு மாறுகின்றன. விளக்கொளியில் பார்த்து, வெறும் முட்டையை நீக்கி, கையின் வேகத்தால் ஓட்டில் கீறல் விழாமல் மாற்றுதல் வேண்டும். விழுந்த கீறலில் இரத்தம் கசியும். பொரிக்கும் பெட்டியில் சூடு 98.5 அளவாகக் குறையும்; குஞ்சு ஓட்டைக் கொத்தத் தொடங்கியதும் ஈரம் தானே ஏறும்.

இங்கேதான், உஷ்ணத்துக்கு அடுத்தபடியாக, தரத்தைக் கெடுக்கும் பெருங்காரணம் ஒன்று இருக்கிறது. முதற் குஞ்சு வெளிவருவதற்கும் கடைசிக் குஞ்சு வெளிவருவதற்கும் இடையேயுள்ள காலம் ஒரு நாளுக்குள் அடங்க வேண்டும். நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டைகளை இரண்டு வாரத்தில் இட்டாலும், இட்டு முடிந்த பிறகே அடையில் உட்காருகிறது. அதனால் எல்லாக் கருவும் ஒரே நாளில் விழித்து, குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே பொழுதில் வெளிவந்து, தாயோடு ஒன்றாக வெளியே கிளம்புகின்றன. நாம் மூன்று நாள் முட்டையையும் பத்து நாள் முட்டையையும், இளந்தாயின் முட்டையையும் முதிர்தாயின் முட்டையையும் கலந்து அடுக்கி, இடத்துக்கு இடம் வேறுபடும் சூட்டில் வைத்துவிட்டு, எல்லாம் ஒரே நேரத்தில் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறோம். விளைவு, முந்தி வந்த குஞ்சு முப்பது மணி நேரத்துக்கு மேல் தீவனமும் தண்ணீருமின்றி, சூடான காற்றாடிக் காற்றில், பிந்தி வருகிறவற்றுக்காகக் காத்திருக்கிறது. வயிற்றில் மஞ்சட்கரு இருக்கிறதே என்று சமாதானம் சொல்வார்கள். மஞ்சட்கரு உயிரைத் தாங்கும். ஆனால் குடல் வளர்வதற்கு வாய்வழியே போகும் தீவனம் வேண்டும். அந்த ஆரம்பம் தாமதித்தால் ஏழாம் நாள் எடையில் அது தெரியும். நல்ல கறிக்கோழிக் குஞ்சு ஏழாம் நாளில் தன் முதல் நாள் எடையைப்போல் நான்கு மடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

எப்போது எடுப்பது என்பதைக் கடிகாரம் சொல்லாது, குஞ்சு சொல்லும். நூற்றில் ஐந்து குஞ்சுகளின் பின்கழுத்தில் இன்னும் ஈரம் இருக்கும்போது எடுத்தால் சரியான காலம். பலவற்றின் உடம்பே நனைந்திருந்தால் அவசரப்பட்டோம். எல்லாம் உலர்ந்து, உடைந்த ஓடுகளின் உட்புறத்தில் பச்சை எச்சம் படிந்திருந்தால், பல மணி நேரம் பிந்தினோம். இதையும் தராசு உறுதிப்படுத்தும்: எடுக்கும் நேரத்தில் குஞ்சின் எடை, அடுக்கியபோது முட்டைக்கிருந்த எடையில் நூற்றுக்கு 67 அளவில் நிற்க வேண்டும், 60 கிராம் முட்டைக்கு 40 கிராம் குஞ்சு. ஓட்டுநர் வந்து நிற்கிறார், வண்டி போகவேண்டும் என்பதற்காக இரண்டு மணி நேரம் முந்தி எடுக்கும் வழக்கத்தை, எத்தனை சங்கடம் நேரினும் விட்டொழிக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பல தொப்புள்கள் மூடுகின்றன.

எடுத்தபின் நடக்கும் காரியங்களில் மனிதக் கையே பிரதானம். முட்டைக்கோழிக் குஞ்சுகளுக்கு மாரெக் நோய்த் தடுப்பூசியைக் கழுத்தின் தோலுக்கடியில் 0.2 மில்லி போடுகிறோம். அந்த மருந்து உயிருள்ள செல்களைக் கொண்டது. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 செல்சியஸ் பாகையில் உறைந்திருப்பது. வெதுவெதுப்பான நீரில் உருக்கி, கரைசலில் கலந்து, ஒரு மணி நேரத்துக்குள் செலுத்தி முடிக்க வேண்டும். தேநீர் குடித்துவிட்டு வந்து மிச்சத்தைப் போடுவோம் என்பது மருந்தைக் கொன்றுவிட்டு ஊசி போடுவதாகும். ஆண் பெண் பிரிக்கிறவரின் விரல் அழுத்தமும் அப்படியே. இறுக அழுத்திய வயிற்றுக்குள் மஞ்சட்கருப் பை கிழியும். அந்தக் குஞ்சு நடந்தே வண்டியேறி, இரண்டாம் நாள் சாகும்.

இங்கே ஒரு கண்டனத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. முட்டை அறையையும் பொரிக்கும் பெட்டியையும் கழுவ வேண்டிய இடத்தில், தடுப்பூசியோடு எதிர் உயிரி மருந்தைச் சேர்த்துக் குத்தி, கெட்ட தொப்புளை மறைத்து அனுப்பும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது முதல் வாரச் சாவைச் சில நாள் தள்ளிப்போடும்; கிருமியை மருந்துக்குப் பழக்கிவிடும். கோழிகளுக்குத் தாராளமாகக் கொடுக்கப்பட்டுவந்த கொலிஸ்டின் என்னும் எதிர் உயிரி மருந்தை மனிதர் சிகிச்சைக்குக் காப்பாற்றி வைக்கும் பொருட்டு இந்திய அரசு 2019-இல் உணவுக்கான பிராணிகளில் தடைசெய்ய நேர்ந்ததை இத்தொழிலில் உள்ள ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டும். பெட்டியில் பறக்கும் தூவியைக் கூட்டி, தட்டை வெந்நீரிலும் சோப்பிலும் தேய்த்து, உலர்த்தி, அதன்பின் கிருமிநாசினி தெளிப்பதற்கு ஈடான மருந்து எந்தக் கடையிலும் இல்லை. அழுக்கின்மேல் தெளித்த கிருமிநாசினி அழுக்கை மட்டுமே நனைக்கும்.

குஞ்சுகள் காத்திருக்கும் அறை 75 பாகைச் சூட்டில், காற்றோட்டமாக, இருட்டாக இருக்கட்டும். அறையின் வெப்பமானியைவிட மேலான சாட்சி, முட்டைக்கு வைத்த அதே காதுக் கருவியைக் குஞ்சின் ஆசனவாயில் மெல்லத் தொடுவித்துப் பார்ப்பது. 103-க்கும் 105-க்கும் இடையில் இருந்தால் குஞ்சு சௌகரியமாக இருக்கிறது. 106-ஐத் தாண்டினால் அலகைத் திறந்து இரைக்கும், உடம்பின் நீரை இழக்கும். குறைந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடையும். பெட்டிகளை வண்டியில் சுவர்போல் அடைத்து அடுக்காமல், நடுவில் காற்றுச் சந்து விட்டு அடுக்குங்கள். கத்திரி வெயிலில் பயணம் இரவிலேயே முடியட்டும்.

வண்டி புறப்பட்ட பிறகு, எல்லாரும் கையலம்பிக்கொண்டு போகிற வேளையில், பொரியாமல் தட்டில் நின்றுபோன முட்டைகளை எடுத்து உட்காருங்கள். ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள். கருவே இல்லாதது தாய்க்கோழிப் பண்ணையின் சேவலைக் கேட்கச் சொல்கிறது. இரத்த வளையத்தோடு நின்றது சேமிப்பு அறையையும் போக்குவரத்துக் குலுக்கலையும். முழுதும் வளர்ந்து, மஞ்சட்கரு வெளியே நிற்க, அலகைக் காற்றறையில் நுழைத்தபடி செத்தது கடைசி வாரத்துச் சூட்டையும் ஈரத்தையும் காற்றோட்டத்தையும். பச்சையாகவும் கறுப்பாகவும் நாறுவது தரை முட்டையை. எண்ணிக்கையைத் தாய்க்கோழி மந்தை வாரியாக ஏட்டில் எழுதிக்கொண்டு, பக்கத்தில் பொரிப்பு விகிதத்தையும், ஐம்பது குஞ்சின் மதிப்பெண்ணையும் எழுதி, அதற்கும் பக்கத்தில் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டுவையுங்கள். ஏழாம் நாள் மாலையில் அந்தக் குஞ்சு போய்ச் சேர்ந்த பண்ணைக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, இதுவரை எத்தனை போயிற்று என்று கேட்டு, அவர் சொல்லும் எண்ணை அந்தக் கட்டத்தில் சிவப்பு மையால் எழுதுங்கள். நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்டிருந்தால், அடுத்த பொரிப்புக்கு முட்டை அடுக்குவதற்கு முன் அந்த வரியை முதலிலிருந்து மறுபடி படியுங்கள்.